நடுவயதில் உடையின் அறம்

நாற்பதைக் கடந்தவர்கள் தம் உடையிலும் தோற்றத்திலும் அக்கறை கொள்வது தகுமா என்னும் வினா, மேலோட்டமாகப் பார்க்கையில் ரசனை சார்ந்த சிறு வினாவாகத் தோன்றினாலும், உடல் நிலையற்றது என்று கற்பித்த சமயங்களும் தோற்றத்துக்கும் ஒழுக்கத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்த தத்துவங்களும் நெடுங்காலமாக எதிர்கொண்டு வந்த வினாவே ஆகும். இளமையில் ஒப்பனை இயல்பென்று ஏற்கப்படுகிறது. முதுமையில் எளிமை இயல்பென்று எதிர்பார்க்கப்படுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள ஆண்டுகளில்தான், அழகாக உடுத்துவோர் வயதை மறந்தவர் என்றும், ஏனோதானோவென்று உடுத்துவோர் தம்மையே மறந்தவர் என்றும் இருபுறமும் பழிக்கப்படுகின்றனர். ஒப்பனையைத் துறப்பதும் தன்னைக் கைவிடுவதும் முற்றிலும் வேறான செயல்கள் என்பதும், வயதை மறைக்காமலும் அதற்காகக் கூசாமலும் நேர்த்தியாக உடுத்துவது நடுவயதினருக்கு உரிய ஓர் அறம் என்பதும் இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்துகளாகும்.

தமிழ் மரபு வயதை எவ்வாறு வகுத்தது என்பதை முதலில் நோக்க வேண்டும். இறைவனோ அரசனோ வீதியில் பவனி வரும்போது அவனைக் காணும் மகளிரின் நிலையைப் பாடும் உலா என்னும் சிற்றிலக்கியம், பெண்ணின் வாழ்வைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழு பருவங்களாகப் பகுக்கிறது. இறுதிப் பருவமாகிய பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40 வரையிலான வயது பொதுவாகக் கூறப்படுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழ மன்னர் மூவர்மீது உலாப் பாடிய ஒட்டக்கூத்தர் உள்ளிட்ட புலவர்கள் இந்த இறுதிப் பருவத்தாளையும் காதலும் அழகும் உடையவளாகவே பாடினர். எனினும் நாற்பதுக்குப் பின் அந்த இலக்கிய வகைக்குப் பருவமே இல்லை. அக்காலத்தில் அதற்கப்பால் வாழ்ந்தோர் குறைவாக இருந்திருக்கலாம். இன்றோ நாற்பதை எட்டியவர்களின் முன்னே இன்னும் பல பத்தாண்டுகள் விரிந்து கிடக்கையில், அவ்வாண்டுகளுக்கான தோற்றத்தை மரபு வரைந்து தராமல் விட்டிருப்பது ஒரு வெற்றிடமாகவே உணரப்படுகிறது.

அந்த வெற்றிடத்தைச் சமய நூல்கள் நரைமுடியைக் கொண்டு நிரப்பின. இல்லறத்தான் தன் உடலில் திரையையும் நரையையும், தன் மகனுக்கு மகனையும் கண்டபின் காட்டை நாட வேண்டும் என்று மனு தர்ம நூல் விதிக்கிறது. காட்டில் தவம்புரியும் அந்நிலைக்கு வானப்பிரத்தம் என்று பெயர். பௌத்தரின் பாலி நூல்களில் வரும் மகாதேவன் என்னும் அரசன், தன் தலையில் நரை கண்டவுடன் சொல்லுமாறு நாவிதனுக்கு ஆணையிட்டிருந்து, அது கண்ட நாளில் அரசை மகனிடம் ஒப்படைத்துவிட்டுத் துறவு மேற்கொள்கிறான். கம்பராமாயணத்திலும் தசரதனின் காதருகே தோன்றிய நரை, முடியை இராமனுக்கு அளிக்கும் காலம் வந்ததை உணர்த்துவதாகப் பாடப்படுகிறது. இக்கதைகள் அனைத்திலும் நரை விடுக்கும் அழைப்பு ஆட்சியையும் உடைமையையும் இறக்கி வைக்குமாறு கூறுவதே. அவற்றைக் கையில் இறுகப் பற்றிக்கொண்டு, நல்ல சேலையையும் மடிப்புக் கலையாத வேட்டியையும் மட்டும் விட்டுவிட்டால் அந்த அழைப்புக்குச் செவிசாய்த்ததாக ஆகாது. சங்க காலப் புலவர் பிசிராந்தையாரோ, ஆண்டுகள் பலவாகியும் நரை இல்லாதது ஏன் என்னும் வினாவுக்கு விடையாக, மாண்புடைய மனைவியும், அறிவு நிரம்பிய மக்களும், குறிப்பறியும் ஏவலரும், அறம் தவறாத அரசனும், அடக்கம் கொண்ட சான்றோர் நிறைந்த ஊரும் தமக்கு வாய்த்திருப்பதைக் காரணமாகக் காட்டுகிறார். ஒருவரது தோற்றம் அவர் எவரோடு எவ்வாறு வாழ்கிறார் என்பதிலிருந்து பிரிக்க முடியாதது என்னும் இக்கருத்து மீண்டும் எண்ணத்தக்கது.

துறவு என்பது விரும்பி ஏற்கும் செயல் என்பதற்குத் தமிழ் நிலத்தோடு தொடர்புடைய இரண்டு சான்றுகள் போதுமானவை. காரைக்கால் அம்மையார், கணவனே தம்மைத் தெய்வமாகக் கருதி வணங்கியபின், அவன்பொருட்டுத் தாங்கிய உடலழகு இனி வேண்டாவென இறைவனிடம் வேண்டிப் பேயுருவம் பெற்றதாகப் பெரியபுராணம் கூறுகிறது. காந்தியடிகள் தம் ஐம்பத்திரண்டாம் வயதை நெருங்கிய காலத்தில், 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில், அந்நியத் துணியை விட்டுவிட்டுக் கதர் வாங்குவதற்கும் வழியற்ற ஏழைகளை எண்ணி, மேலாடையை நீக்கி முழங்கால் அளவான ஆடையை ஏற்றார். 1931இல் லண்டனில் பிரிட்டிஷ் மன்னரைச் சந்தித்தபோதும் அதனையே உடுத்தியிருந்தார். அம்மையார் எதற்காக நீக்குகிறோம் என்று அறிந்து நீக்கினார். காந்தியடிகள் யாருக்காகக் குறைக்கிறோம் என்று அறிந்து குறைத்தார். இருவரது செயலிலும் தம்மைப் பற்றிய கவனம் கூர்மையடைந்ததே அன்றிக் குறைந்துவிடவில்லை.

இவற்றோடு ஒப்பிடுகையில், கணவனை இழந்த பெண்களின் பூவையும் பொட்டையும் வண்ண ஆடையையும் பறித்து அவர்களுக்கு வெள்ளைச் சேலையைக் கட்டிவிட்ட வழக்கம், துறவின் தோற்றத்தை மட்டும் கொண்ட கொடுமையாகும். ஏனெனில் ஒருவரது விருப்பமின்றிப் பறிக்கப்படுவதைத் துறவு என்று கொள்ள எந்தச் சமய அறத்திலும் இடமில்லை. அவ்வழக்கம் தளர்ந்துவிட்ட குடும்பங்களிலும் அதன் மென்மையான வடிவம் இன்றும் தொடர்கிறது. பிள்ளை கல்லூரிக்குப் போய்விட்டான், மகளுக்கு வரன் பார்க்கிறார்கள், இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்னும் பேச்சு, பெரும்பாலும் பெண்ணை நோக்கியே எழுகிறது. அமெரிக்க எழுத்தாளர் சூசன் சான்டாக் 1972இல் எழுதிய கட்டுரையொன்றில், மூப்பு ஆணுக்கு ஓர் அளவுகோலாலும் பெண்ணுக்கு வேறோர் அளவுகோலாலும் மதிப்பிடப்படுவதை ஆராய்ந்தார். பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் த பொவார் 1970இல் வெளியிட்ட முதுமை பற்றிய நூலில், ஒருவர் தாம் மூத்துவிட்டதைத் தம் உள்ளத்தால் உணர்வதற்கு முன் பிறரது பார்வையின் வழியாகவே அறிகிறார் என்று விளக்கினார். அப்பார்வைக்கு அஞ்சி நிறத்தையும் நேர்த்தியையும் ஒவ்வொன்றாக விட்டுவிடுவோர், உலகப் பற்றைச் சிறிதும் துறக்காமலேயே தம்மைக் கைவிட்டவர்களாகிவிடுகின்றனர்.

ஒப்பனைக்கு எதிரான சமயக் குரல்களையும் உரிய மதிப்போடு கேட்க வேண்டும். பௌத்த இல்லறத்தார் உபோசத நாள்களில், அதாவது திங்களின் நிலையைக் கொண்டு குறிக்கப்படும் நோன்பு நாள்களில், ஏற்கும் எட்டுச் சீலங்களுள் மாலை, நறுமணம், அணிகலன் ஆகியவற்றை விலக்குவதும் அடங்கும். புதிய ஏற்பாட்டில் பேதுருவின் முதல் நிருபம், பின்னிய கூந்தலையும் பொன் நகையையும் விடச் சாந்தமான உள்ளமே பெண்ணுக்கு அணி என்கிறது. நாலடியார், முடியழகையும் ஆடைக் கரையழகையும் மஞ்சள் பூச்சின் அழகையும் ஒதுக்கிவிட்டுக் கல்வியே அழகு என்று நிறுவுகிறது. புறத்தோற்றம் அகப்பண்பின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாகாது என்பதே இவற்றின் பொதுவான எச்சரிக்கை. ஆனால் திருக்குறளின் கூடாவொழுக்க அதிகாரம் இதே எச்சரிக்கையை மறுபுறமும் திருப்புகிறது: உலகம் பழிக்கும் செயல்களை விட்டுவிட்டவருக்குத் தலையை மழிப்பதும் சடையை வளர்ப்பதும் வேண்டுவதில்லை என்னும் அதன் கருத்தின்படி, பகட்டு ஒழுக்கமாகாதது போலவே எளிய கோலமும் தன்னளவில் ஒழுக்கமாகிவிடாது.

உரோமப் பேரரசுக் காலத்தில் கிரேக்கத்தில் கற்பித்தவரும், தம் வசமுள்ளதையும் இல்லாததையும் பிரித்தறிவதே அறிவு என்ற ஸ்டோயிக் நெறியைச் சார்ந்தவருமான எபிக்டெட்டஸ், மிகையாக அலங்கரித்து வந்த இளைஞனைக் கடிந்துரைத்தவர். அவரே தூய்மை பற்றிய தம் உரையில், அழுக்கோடும் பரட்டைத் தலையோடும் மெய்யியல் கற்க வருபவனைவிடத் தலைவாரி வருபவனையே தாம் விரும்புவதாகக் கூறுகிறார். பின்னவனிடம் அழகைப் பற்றிய ஏதோவொரு கருத்தேனும் இருப்பதால், உண்மையான அழகு எங்கே இருக்கிறதென்று அவனுக்குக் காட்டிவிடலாம். முன்னவனுக்கு எதைக் கொண்டு தொடங்குவது என்பதே அவரது கவலை. கி.மு. 44இல் தம் மகனுக்காகக் கடமைகள் பற்றிய நூலை எழுதிய சிசரோவும், இடத்துக்கும் வயதுக்கும் இயல்புக்கும் ஏற்ற பொருத்தத்தை ஒழுக்கத்தின் ஒரு கூறாகவே கொண்டு, உறுத்தும் அளவுக்கு மிகையான ஒப்பனையையும் நாகரிகமற்ற அசட்டையையும் ஒருசேர விலக்கினார்.

இஸ்லாமிய மரபில் இவ்வினா மேலும் தெளிவாக எழுப்பப்பட்டுள்ளது. தொழுமிடங்களில் அலங்காரத்தை மேற்கொள்ளுமாறு கூறும் திருக்குர்ஆனின் ஏழாம் அத்தியாயம், இறைவன் தன் அடியார்களுக்காக வெளிப்படுத்திய அழகைத் தடைசெய்தவர் யார் என்றும் வினவுகிறது. அணுவளவு பெருமை உள்ளவரும் சுவனம் புகார் என்று நபிகள் நாயகம் கூறியபோது, தம் உடையும் காலணியும் அழகாக இருக்க வேண்டுமென ஒருவர் விரும்புவதும் பெருமையா என்று கேட்கப்பட்டதாகவும், இறைவன் அழகானவன், அழகை விரும்புபவன், உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்று அவர் விடையளித்ததாகவும் ஸஹீஹ் முஸ்லிம் என்னும் நபிமொழித் தொகுப்பு பதிவு செய்கிறது. உடை குற்றமாவது எப்போது என்பதற்கு இதனினும் கூரிய அளவுகோலைக் காண்பது அரிது.

தமிழகத்துக் கோயில் வழிபாடும் இதனோடு இணங்கியே நிற்கிறது. திருமாலை அலங்காரப் பிரியர் என்றும் சிவனை அபிஷேகப் பிரியர் என்றும் கூறும் மரபில், காலத்துக்கு முற்பட்டவராகக் கருதப்படும் தெய்வத்துக்கே நாள்தோறும் நீராட்டும் ஆடையும் மாலையும் சாத்தப்படுகின்றன. அங்கே அலங்காரம் குறையை மறைப்பதற்காகச் செய்யப்படுவதில்லை. மதிப்புக்குரியதை மதிப்போடு நடத்துவதற்காகச் செய்யப்படுகிறது. உடலை இறைவன் உறையும் கோயிலாகக் கொள்ளும் சைவ நெறியின்படி பார்த்தால், ஐம்பது வயது உடலுக்கு அந்த மதிப்பை மறுக்க எந்த நியாயமும் இல்லை.

மேற்கண்டவற்றிலிருந்து நடுவயது உடைக்கு உண்மை, பொருத்தம், பிறர்மீதான மதிப்பு என்னும் மூன்று நெறிகளைத் தொகுத்துக்கொள்ளலாம். உண்மை என்பது இன்றைய உடலுக்கு உடுத்துவதாகும்: இடை பருத்திருந்தால் பழைய ரவிக்கைக்குள் உடலை இறுக்காமலும், உடல் முழுவதையும் தொளதொளத்த துணிக்குள் ஒளிக்காமலும், தையற்காரரிடம் புதிய அளவு கொடுத்துத் தோளும் கையும் சரியாக அமையுமாறு தைத்துக்கொள்வதே அது. நரையை அப்படியே விடுவதும் சாயமிடுவதும் அவரவர் விருப்பம். அச்சத்தால் செய்யப்படும்போது மட்டுமே இரண்டும் பொய்யாகின்றன. பொருத்தம் என்பது வயதானால் வெளிறிய நிறமே உடுத்த வேண்டும் என்னும் வழக்கத்துக்குப் பணிவதன்று. அரக்கு, கடுகு மஞ்சள், கருப்பு முதலிய அடர்நிறங்களும் அகன்ற கரையும் கொண்ட செட்டிநாட்டுக் கண்டாங்கிச் சேலையை மூத்த ஆச்சிமார் மிடுக்கோடு கட்டி வந்திருப்பதே, நிறம் இளமையின் தனியுடைமை ஆகாது என்பதற்குப் போதிய சான்று. ஆணுக்கும் இதுவே பொருந்தும்: சலவை செய்து மடித்த வேட்டியும் தோளளவு சரியான சட்டையும், வயிற்றின்மீது இறுகிப் பிடிக்கும் இளைஞர் உடையைவிடக் கண்ணியமானவை.

மூன்றாவது நெறியே மற்ற இரண்டையும் காக்கிறது. திருமண வீட்டில் வசதி குறைந்த உறவினரைக் கூசச் செய்யும் நகைக்குவியலும், துக்க வீட்டில் கண்ணைப் பறிக்கும் பட்டும் எவ்வளவு அழகாயிருப்பினும் இந்நெறியில் தோற்றுப்போகின்றன; துவைத்துக் காயவைத்துக் கிழிசல் தைத்த பருத்திச் சேலையோ, விலை எதுவாயினும் இதில் வென்றுவிடுகிறது. நேர்த்திக்குப் பணம் வேண்டும் என்னும் மறுப்புக்கு இதுவே விடை. எதிரில் நிற்பவரை மதித்து உடுத்துவதும், தம்மையும் அம்மதிப்புக்கு உரியவராகக் கருதி உடுத்துவதும் ஒரே அறத்தின் இரு கூறுகளாகும்.

எனவே நடுவயதில் நன்றாக உடுத்துவதைத் துறவுக்குப் பகையாகக் கொள்ள வேண்டியதில்லை. பின்னொரு நாளில் ஒருவர் மெய்யாகவே துறக்க விரும்பினால், தாம் மதித்துப் பேணியதைத்தான் அவர் மனமுவந்து இறைவனுக்கோ எளியவருக்கோ அளிக்க முடியும். ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி முன்பே தம்மைக் கைவிட்டுவிட்டவரிடம் அவ்வாறு அளிப்பதற்கு ஏதும் எஞ்சியிராது. அந்த நாள் வரும்வரை, வாழ்ந்த ஆண்டுகளை உடலில் வெளிப்படையாகத் தாங்கியவாறு நேர்த்தியாக உடுத்தி உலகின் முன் நிற்பதற்கு நடுவயதினருக்கு முழு உரிமை உண்டு. அவ்வுரிமையை வயதைக் காட்டி மறுக்கும் அதிகாரம் குடும்பத்துக்கோ ஊருக்கோ கிடையாது.