தூணும் பலகையும்: மாதிரியுருவின் வாய்மை

ஒரு வீட்டின் நிறைகுறைகளை நன்கு அறிபவன் அதனைக் கட்டியவனா, அன்றி அதில் வாழ்பவனா? அரிஸ்தோத்தில் தமது ‘அரசியல்’ என்னும் நூலின் மூன்றாம் பகுதியில் இவ்வினாவைத் தொட்டு, வாழ்பவனே சிறந்த நடுவன் என்னும் கருத்தை நிறுவுகிறார். அவர் காலத்தில் வினாவுக்குரியோர் இருவரே. இன்றோ மூன்றாமவன் ஒருவன் இடையே புகுந்துள்ளான். கணினித் திரையில் வீட்டின் மாதிரியுருவை ஆக்குவோனே அவன். அவன் கட்டுபவனும் அல்லன், வாழ்பவனும் அல்லன். ஆயினும் இருவர்க்கும் முன்னரே வீட்டைக் கண்டுவிடுகிறான். அவன் கடன் யாது என்பது ஆராயத்தக்கது.

முன்வார்ப்புக் கொங்கிறீற்று முறையில் இவ்வினா கூர்மையடைகின்றது. தூண்களும் சுவர்ப்பலகைகளும் வேறோரிடத்தில் அச்சுகளில் வார்க்கப்பட்டு இறுகியபின் மனைக்குக் கொணரப்படுகின்றன. தூணின் பக்கங்களில் மேலிருந்து கீழாக ஓடும் தவாளிப்புகளில் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கப்படுகின்றன. றெவிற், ரெக்லா போன்ற மென்பொருள்களில் தூணொன்றை ஒருமுறை வரையறுத்துவிட்டால், அதனை எத்துணை முறையும் நிறுத்தலாம். மூலத்தில் ஓர் அளவை மாற்றினால் அத்தனையும் ஒருங்கே மாறும்.

திரையில் எடை இல்லை. 1.9 மீற்றர் நீளமும் அரை மீற்றர் உயரமும் 5 சென்ரிமீற்றர் தடிப்பும் உள்ள பலகை, கொங்கிறீற்றுக் கன மீற்றருக்கு 2,400 கிலோகிராம் எனக் கொண்டால், ஏறத்தாழ 115 கிலோகிராம் நிறுக்கும். இரு தூண்களுக்கிடையே இத்தகைய பலகை ஐந்து வேண்டும். 15 சென்ரிமீற்றர்ச் சதுரமும் 3 மீற்றர் உயரமும் கொண்ட தூணோ, தவாளிப்புகளைக் கழித்த பின்னும் 125 கிலோகிராமுக்குக் குறையாது. சமவெளியில் பாரந்தூக்கி இதனைப் பார்த்துக்கொள்ளும். பசறையைச் சூழ்ந்த தோட்டங்களில் லொறி நிற்கும் இடம் ஒன்று, வீடு எழும் இடம் வேறொன்று. இடையே உள்ளது தேயிலை மலைகளினூடே ஏறும் படிக்கட்டும் ஒற்றையடிப் பாதையுமே. ஆங்குப் பலகையின் அகலத்தைத் தீர்மானிப்பவன் உண்மையில் நான்கு தோள்களின் சுமையைத் தீர்மானிக்கிறான். அவன் அதனை அறியாதிருத்தல் கூடும். அறியாமை சுமையைக் குறைப்பதில்லை.

இனி, மாதிரியுரு வாய்மையுடையதா என்னும் வினா. சுவரை ஒரே பொருளாக வரைந்துவிடுதல் எளிது. படமும் அழகாகத் தோன்றும். பலகை பலகையாகப் பிரித்து, தவாளிப்பினுள் எவ்வளவு நுழையும், எவ்வளவு இடைவெளி விடப்படும், அவ்விடைவெளியை எது நிரப்பும் என்பவற்றைக் காட்டுதல் உழைப்பு மிக்கது. தமிழ் இலக்கணத்தில் நிலைமொழியும் வருமொழியும் தனித்தனியே இடர் தருவன அல்ல. புணருமிடத்திலேயே விதிகள் பெருகுகின்றன. முன்வார்ப்பிலும் அஃதே நிலை. 1968 மே 16 அன்று இலண்டனில் றோனன் பொயின்ற் என்னும் 22 மாடிக் கட்டடத்தின் 18ஆம் மாடியில் எரிவாயு வெடித்தது. சுவர்ப்பலகை வெளியே தள்ளப்பட, ஒரு மூலை முழுவதும் அடுக்கடுக்காகச் சரிந்து நால்வர் மாண்டனர். 1986இல் அக்கட்டடம் கழற்றப்பட்டபோது, சாந்து நிறைந்திருக்க வேண்டிய மூட்டுகளில் வெற்றிடங்களும் பழைய செய்தித்தாள்களும் காணப்பட்டன. வரைபடத்தில் அம்மூட்டுகள் நிறைந்தே இருந்தன. வரைபடம் பொய் கூறியதா? கூறவில்லை, அது வாக்களித்தது. வாக்கைக் காப்பவர் எவர் என்பதையே அது கூறாது விட்டது. மாதிரியுருவை உள்ளதன் வருணனையாகக் கொள்வோர் இவ்வேறுபாட்டைத் தவறவிடுகின்றனர்.

ஒரே உறுப்பைப் பன்முறை வைத்தல் மனிதத் தன்மைக்கு மாறானது என்று சிலர் வெறுப்பதும் உண்டு. செங்கல்லும் ஒரே உறுப்புத்தான். அதனை எவரும் வெறுத்ததில்லை. மலையகம் இவ்வெறுப்பை வேறொரு வழியில் கற்றது. பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவும் அதன் முன் ஓர் இஸ்தோப்பும் என்னும் ஓருறுப்பைக் கணினி இல்லாமலே வரிசையாகப் பெருக்கியது லயம். பெருக்கற்கணக்கில் இடம்பெற்றது கூலியாட்களின் தொகை; குடும்பத்தின் வளர்ச்சி அன்று. பிள்ளைகள் பெருகியபோது தகரமும் பலகையும் கொண்டு மக்கள் தாமே ஒட்டுகளை இணைத்தனர். குற்றம் திரும்பத் திரும்ப வருவதில் இல்லை. எதனைத் திரும்ப வைப்பது என்று தீர்மானித்தவன் அதனுள் வாழாமையில் இருந்தது.

வடக்கின் அனுபவமும் ஈண்டு நோக்கத்தக்கது. 2016இல் வடக்குக் கிழக்குக்கென 65,000 உருக்கு வீடுகள் முன்மொழியப்பட்டபோது கடும் கண்டனம் எழுந்தது. 2018இல் சீன நிறுவனமொன்று 40,000 கொங்கிறீற்று வீடுகள் கட்ட முற்பட்டபோதும் மக்கள் கல்வீடே வேண்டும் என்றனர். இதனைப் பழமைப்பற்று எனத் தள்ளிவிடுதற்கில்லை. கல்வீட்டை உள்ளூர் மேசன் திருத்துவான். சுவரை உடைத்துக் கதவு வைப்பான். அடுத்த ஆண்டு ஓர் அறை சேர்ப்பான். பலகை வீட்டில் உடைந்த பலகைக்கு அதே அச்சு வேண்டும். அச்சு இருக்கும் ஆலை மூடப்பட்டால் என் செய்வது?

எனினும் மறுபக்கத்துக்கும் வலுவுண்டு. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் தித்வா சூறாவளியின்போதும் பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்தன. முகாமில் இருப்போர்க்கு விரைவு என்பது ஆடம்பரம் அன்று. வாரங்களில் எழும் சுவருக்கும் ஆண்டுகளில் எழும் சுவருக்கும் இடையே ஒரு பிள்ளையின் பள்ளிக்காலம் கழிந்துவிடும். ஆதலின் முன்வார்ப்பை மறுப்பது விடையாகாது. தோட்டங்களில் கட்டப்படும் தனிவீடு பொதுவாகச் சிறு நிலத்துண்டில் 550 சதுர அடி. அந்நிலத்தின் சரிவும், பாதையின் அகலமும், பலகையின் எடையும் மாதிரியுருவில் இடம்பெற்றாக வேண்டும். அவற்றை ஏற்றுவதற்கு மென்பொருள் தடையாக இல்லை, கேட்பதற்குத்தான் ஆளில்லை.

சிறியதொரு செய்தி இதனை விளக்கும். வரிசையின் இடையே நிற்கும் தூணுக்குத் தவாளிப்பு இரண்டு. வரிசை முடியும் தூணுக்கு ஒன்றே போதும் என்று ஒற்றைத் தவாளிப்புத் தூண் வரையப்படுவது வழக்கம். இறுதித் தூணுக்கும் இரண்டு வைத்தால் செலவு மிகாது. கொங்கிறீற்றும் சிறிது குறையும். அவ்வெளிப்புறத் தவாளிப்பு வெறுமையாகவே நிற்கும், பசறைத் தோட்டத்துக் குடும்பமொன்று மகனுக்கு மணமுடித்து, அப்பக்கம் ஓர் அறை எடுக்க எண்ணும் நாள்வரை.