நுரை அடங்கும் வரை

விடியவில்லை. குழல்விளக்கு இரண்டு முறை சிமிட்டி எரிகிறது.

பலகையில் ஐந்து சவர சோப்புகள். எல்லாம் மூடியோடு.

நோட்டில் பென்சிலால் கட்டம் போட்டாயிற்று. மணம். நுரை. வழுக்கல். நாளுக்கு ஒரு சோப்பு என்று கணக்கு.

கட்டங்கள் காலியாக இருக்கின்றன. அழகாக இருக்கின்றன.

*

குழாயைத் திறந்தால் முதலில் காற்று. பிறகு தண்ணீர்.

பிரஷ் குவளையில் நிற்கிறது. பன்றி முடி. காய்ந்திருக்கும்போது முள். ஊறினால் புல்.

ஊறும்வரை வேலை ஒன்றுமில்லை.

*

முகத்து முடியும் ஊற வேண்டும். இரண்டு மூன்று நிமிடம். நீர் ஏறிய முடி தடிக்கிறது. தளர்கிறது. பிளேடுக்கு வழிவிடுகிறது.

முடியை அறுப்பதில் சோப்புக்குப் பங்கில்லை. அது தண்ணீரை முகத்தில் பிடித்து வைக்கிறது. பிளேடு வருவதற்குள் ஓடிவிடாமல்.

*

முதல் மூடி. பச்சை. புரோராசோ. ஃபிளாரன்ஸ் நகரத்துச் சரக்கு. 1948இல் வந்த பெயர்.

யூகலிப்டஸ். மென்தால்.

மூக்கு ஃபிளாரன்ஸுக்குப் போகவில்லை. நீலகிரித் தைலப் புட்டிக்குப் போகிறது. போர்வைக் கூடாரம். வெந்நீர்ப் பாத்திரம். நெற்றியில் ஒரு கை.

கை மறைகிறது. பச்சை மூடி கையில் இருக்கிறது.

*

மென்தால் கன்னத்தைக் குளிர்விப்பதில்லை. குளிரை அறியும் நரம்பை மட்டும் தட்டுகிறது. கன்னத்தின் சூடு கன்னத்திலேயே இருக்கிறது.

ஆனாலும் குளிர்கிறது.

*

எவர்சில்வர் கிண்ணத்தில் பிரஷ் சுற்றுகிறது.

முதலில் சளசள. கொஞ்ச நேரத்தில் சொதசொத. பிறகு ஓசை இல்லை.

ஓசை நின்றதும் கை நிற்கிறது. நுரை ஆகியிருக்கிறது.

*

புரோராசோ நுரை சீக்கிரம் எழும்புகிறது. லேசானது. நிறையக் காற்று. கழுத்துக்கு வருவதற்குள் கன்னத்தில் காய்ந்துவிடுகிறது.

கட்டத்தில் எழுத வேண்டும். கை ஈரம்.

*

இரண்டாம் நாள். ஆர்கோ. துருக்கியில் 1957 முதல் விற்கிறது. கிண்ணம் வேண்டாத குச்சி சோப்பு. உறையை உரித்து, ஈரத் தாடையில் நேரே தேய்ப்பது.

முடிக்கு எதிராகத் தேய்த்தால் முடி சோப்பைச் சீவி எடுத்துக்கொள்கிறது. தேங்காய்த் துருவி போல.

*

மணம்: எலுமிச்சைப்புல். துவைத்து வெயிலில் போட்ட வேட்டி. கழுவிவிட்ட திண்ணை.

வாசனைத் திரவியம் ஆகவேண்டும் என்ற ஆசை இந்த சோப்புக்கு இல்லை. சோப்பு மணக்கிறது, சோப்பாக.

*

இதில் இருப்பது விலங்குக் கொழுப்பு. மணத்தில் அது தெரிவதில்லை. நுரையில் தெரிகிறது. கனமாக, சிறு குமிழிகளாக நிற்கிறது.

அறிந்தபின் கை ஒரு கணம் தயங்குகிறது. பிறகு சுற்றுகிறது. தயக்கமும் சுற்றுகிறது.

*

கொழுப்புக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தவர் செவ்ரல். பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர். 1823இல் அதைப் புத்தகமாக்கினார். ஸ்டியரிக் அமிலத்துக்குப் பெயர் வைத்தவர். கொழுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தப் பெயர்.

102 வயதுவரை இருந்தார்.

*

ஸ்டியரிக் அமிலம் நீளச் சங்கிலி. 18 கார்பன். அதன் நுரை மெல்ல வருகிறது. வந்தால் நிற்கிறது.

தேங்காயெண்ணெயில் மிகுதியாக இருப்பது லாரிக் அமிலம். 12 கார்பன். பொங்கி வருகிறது. பெரிய குமிழி. உடனே உடைகிறது.

சவர சோப்பு இரண்டையும் சேர்த்துக்கொள்கிறது. அவசரத்தில் கொஞ்சம். நிதானத்தில் நிறைய.

*

குளியல் சோப்பைக் கட்டியாக்குவது சோடா காரம். சவர சோப்பில் பொட்டாசியக் காரமும் சேர்கிறது. அதனால் இளகல். நீரோடு சட்டென்று சேரும் குணம்.

மரச் சாம்பலில் இருந்து வடித்த காரமும் அதுவே. அடுப்புச் சாம்பலில் பாத்திரம் துலங்கியது நினைவுக்கு வருகிறது. வந்த வழியே போகிறது.

*

மூன்றாவது. சிவப்பு டப்பா. செல்லா. மிலான். 1899.

கட்டியும் இல்லை, களிம்பும் இல்லை. பிசைந்து வைத்த மாவு. கட்டைவிரல் அழுந்தினால் தடம் நிற்கிறது.

பாதாம் மணம் என்கிறார்கள்.

*

பள்ளி மைதானத்தில் வாதுமைக் கொட்டையைக் கல்லால் உடைத்துத் தின்றது. அதில் இந்த மணம் இல்லை.

கடையில் வாங்கும் பாதாமிலும் இல்லை. இது கசப்பு வாதுமையின் மணம். பென்சால்டிஹைடு. செர்ரி, பீச் கொட்டைகளின் உள்ளே இருப்பது.

தின்னாத ஒன்றின் மணம். ஆனாலும் தின்றது போலவே இருக்கிறது.

*

செல்லா நுரை தயிர். கரண்டியால் எடுக்கலாம். பிரஷைக் கவிழ்த்தாலும் விழவில்லை.

கன்னத்தில் வைத்ததும் கன்னம் தெரியவில்லை. எடையும் தெரியவில்லை. இளஞ்சூடு மட்டும்.

*

இரண்டு நிமிடத்தில் பாதாம் போய்விடுகிறது.

வெளியே போய் வாசலில் நின்று வந்தால் இருக்கிறது. குளியலறை முழுக்க இருக்கிறது.

மணம் எங்கும் போகவில்லை. மூக்கு பழகிவிட்டது.

*

வேகமாக முகர்ந்தால் ஒன்று. மெதுவாக முகர்ந்தால் ஒன்று. மூச்சை விடும்போது ஏதோ ஒன்று, பெயரில்லாமல்.

நோட்டில் மணத்துக்கு ஒரே ஒரு கட்டம்.

*

நான்காவது. மரக் கிண்ணம். லண்டன், கர்சன் தெரு, ட்ரம்பர் கடைச் சரக்கு. 1875 முதல் இருக்கிற முடிதிருத்தும் கடை. மூடியைத் திருகும்போது மரம் மரத்தோடு உரசி முனகுகிறது.

சந்தனம் என்று எழுதியிருக்கிறது.

*

சந்தனம் போல இருக்கிறது. சந்தனமாக இல்லை. கூடவே ஏதோ பூ. ஏதோ காரம்.

சந்தனம் என்றால் மூக்குக்குத் தெரிந்தது கல். ஈரக் கல்லில் கட்டை இழையும் சத்தம். கையில் எடுத்தால் குழம்பு. காய்ந்தால் தோலை இழுக்கும்.

மரம் இளசாக இருக்கும்போது மணமில்லை. வெளிக்கட்டையில் என்றுமே மணமில்லை. வைரம் பாய வேண்டும். அதற்கு ஆண்டுகள் வேண்டும்.

*

பிரஷ் வட்டமாகச் சுற்றுகிறது. கல்லில் கட்டையும் இப்படியே சுற்றியது.

கொஞ்சம் தண்ணீர். சுற்று. கொஞ்சம் தண்ணீர். சுற்று.

கை அறிந்திருக்கிறது. யாரும் சொல்லித்தரவில்லை.

*

ட்ரம்பர் நுரை ஒழுங்கு. மிகாது, குறையாது. அதைப் பற்றி எழுத ஒன்றும் தோன்றவில்லை.

தோன்றாமல் இருப்பது நன்றாக இருக்கிறது.

*

சலூன் நாற்காலி. கைகளின்மேல் குறுக்கே பலகை. அதன்மேல் சிறுவன். கழுத்தில் வெள்ளைத் துணி.

பக்கத்து நாற்காலியில் முகம் முழுக்க நுரையோடு ஒருவர். கண்கள் மூடியிருக்கின்றன. யாரென்று தெரியவில்லை.

கத்தி ஒரு பாதை போடுகிறது. இன்னொரு பாதை. தபால்காரர்.

*

ஐந்தாவது. மிட்செல்ஸ் வூல் ஃபேட். இங்கிலாந்து, பிராட்ஃபோர்டு. கட்டி, வெள்ளை. ஆட்டு ரோமத்தில் ஊறும் கொழுப்பு சேர்ந்தது. லானோலின்.

மணம் அநேகமாக இல்லை. சலவைத் துணியை மடித்து வைத்த அலமாரி. அவ்வளவு.

*

நுரை வரவில்லை.

பிரஷ் சுற்றுகிறது. ஓசை மாறவில்லை. சளசள, சளசள. கிண்ணத்தின் ஓரத்தில் சாம்பல் நிறத் திப்பி.

இன்னும் சோப்பு. இன்னும் திப்பி.

*

வாளியின் விளிம்பில் வெள்ளைப் படிவு. குழாயின் வாயிலும். கெண்டியின் உள்ளேயும்.

போர்வெல் தண்ணீர். சுண்ணாம்புச் சத்து. கால்சியம், மக்னீசியம். சோப்பைக் கண்டதும் பிடித்துக்கொள்கின்றன. கரையாத கசடாக ஆக்குகின்றன.

முதலில் போடும் சோப்பு தண்ணீருக்கே தீர்ந்துபோகிறது. அதற்குமேல் போடுவது முகத்துக்கு.

*

வீடு பார்க்கப் போனால் அம்மா கேட்பது ஒன்றுதான். இந்தத் தண்ணியில் பருப்பு வேகுமா?

பருப்பு வேகாத தண்ணீரில் சோப்பும் நுரைக்காது.

*

பிராட்ஃபோர்டு கம்பளி ஊர். மேட்டு நிலத்தில் பெய்யும் மழை சுண்ணாம்பு கலக்காமல் வந்து சேரும் ஊர். மென்னீர். அதில் ரோமம் கழுவினார்கள்.

அந்தத் தண்ணீருக்குப் பழகிய ஊரின் சோப்பு இந்தக் கிண்ணத்தில் இருக்கிறது. விழிக்கிறது.

*

நான்கு நாட்கள் எழுதியதைப் புரட்டுகிறேன். லேசு. கனம். தயிர். ஒழுங்கு.

இதில் சோப்பு எவ்வளவு. தண்ணீர் எவ்வளவு.

பென்சிலைக் கீழே வைக்கிறேன்.

*

முகம் நனைந்திருக்கிறது. திப்பி படிந்திருக்கிறது. அதோடே ரேசர் இறங்குகிறது.

சர். சர். வறண்ட சத்தம்.

*

படிகாரக் கல். ஈரமாக்கிக் கன்னத்தில் ஓட்டுகிறேன்.

எங்கெங்கே எரிகிறதோ அங்கங்கே கை அவசரப்பட்டிருக்கிறது. எரிச்சல் ஒரு வரைபடம் போடுகிறது. கொஞ்ச நேரத்தில் அழிக்கிறது.

*

ஐப்பசி. இரவெல்லாம் இடி. மொட்டை மாடியில் அண்டா நிறைகிறது. தகரத்தில் கேட்பது வேறு, அண்டாவில் கேட்பது வேறு. நிறைய நிறைய அண்டாவின் குரல் கம்முகிறது.

*

காலை. ஒரு சொம்பு மழைத்தண்ணீர்.

விரலில் தொட்டால் வழுக்குவது போல இருக்கிறது. தண்ணீர்தான். சுவை இல்லை. மணம்? மாடித் தளத்தின் மணம் கொஞ்சம். அண்டாவின் மணம் கொஞ்சம்.

*

அதே வெள்ளைக் கட்டி. அதே பிரஷ்.

நாலு சுற்று. சளசள. சொதசொத.

ஓசை இல்லை.

*

கிண்ணம் நிறைகிறது. விளிம்பைத் தாண்டிக் கைமேல் வருகிறது. மினுமினுப்பு. குமிழி என்று தனியாக எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

அருகில் கொண்டுபோய்ப் பார்த்தால் ஓரத்தில் சில தெரிகின்றன. தொட்டுக்கொண்டிருக்கின்றன.

*

நுரைக்குள் படலங்கள் மும்மூன்றாகக் கூடுகின்றன. கூடும் இடத்தில் கோணம் 120 பாகை. பெல்ஜியத்தில் பிளேட்டோ என்ற இயற்பியலாளர் கண்ட விதி. ஜோசப் பிளேட்டோ. புத்தகம் 1873இல் வந்தது.

அதற்கு வெகு முன்பே அவருக்குப் பார்வை போய்விட்டது. மற்றவர்கள் பார்த்துச் சொன்னார்கள். அவர் கேட்டுக்கொண்டார். சோப்புப் படலத்தை, இருட்டில்.

*

விளக்கை அணைக்கிறேன். ஜன்னலில் சாம்பல் வெளிச்சம்.

கிண்ணத்தைக் காதருகே வைத்தால் கேட்கிறது. மிக மெல்லிய சீற்றம். உடைகிற சத்தம்.

அத்தனை உடைந்தும் நுரை குறையவில்லை. கண்ணுக்கு.

*

முகத்தில் பூசுகிறேன். கண்ணாடியில் இரண்டு கண்கள், வெள்ளைக்கு மேலே. பார்க்கின்றன.

மூச்சு வரும்போது மேலுதட்டு நுரை நடுங்குகிறது. மூச்சு போகும்போதும்.

*

ரேசர் இறங்குகிறது. சத்தம் இல்லாத அளவுக்கு மெல்ல. நுரை வழிவிட்டு ஒதுங்குகிறது. பாதையில் தோல். தோலில் ஈரம்.

*

பச்சை, சிவப்பு, மரக் கிண்ணம், குச்சி. நான்கையும் மழைத்தண்ணீரில் மறுபடி பார்க்கலாம்.

பார்க்காமலும் இருக்கலாம்.

நோட்டின்மேல் சொம்பின் வளையம். ஈரத்தில் கட்டங்கள் அலை அலையாக நெளிந்திருக்கின்றன.

*

பிரஷை உதறித் தலைகீழாக மாட்டுகிறேன். கிண்ணத்தில் மீந்த நுரை நடுவில் குழிகிறது. ஓரங்கள் எவர்சில்வரைப் பிடித்திருக்கின்றன.

கழுவவில்லை.

*

மாடிப்படியில் காலடி. அண்டாவிலிருந்து ஒரு செம்பு மொண்டுபோகிறார்கள். அடுப்படிக்கு.

கொஞ்ச நேரம் எதுவும் இல்லை.

பிறகு பருப்பு வேகும் மணம். பெருங்காயம் இன்னும் போடவில்லை.