எழும்பூர் நடராசர் முன் கைகூப்பலாமா?

சிங்கம்புணரியிலிருந்து சென்னைக்குக் கிளம்புகிறவர் பட்டியல் போட்டால் கபாலீசுவரரும் பார்த்தசாரதியும் கோயில் கணக்கில் சேர்வார்கள். எழும்பூர் அருங்காட்சியகம் 'சுற்றிப்பார்க்க' என்ற கணக்கில் போகும். அங்கே இருப்பவரோ திருவாலங்காட்டு நடராசர். அவரைப் பார்ப்பது தரிசனமா, வேடிக்கையா? தரிசனம்தான் என்பது என் கட்சி.

பூசையில்லாத திருமேனியில் சாந்நித்தியம், அதாவது தெய்வத்தின் இருப்பு, தங்காது என்று ஆகமம் அறிந்தவர்கள் மறுப்பார்கள். லேசில் தள்ளக்கூடிய மறுப்பல்ல. சேவுகப்பெருமாள் அய்யனாரின் சிங்கம்புணரி வட்டாரத்திலேயே புரவி எடுப்பு முடிந்ததும் மண்குதிரைகளை மழைக்கும் வெயிலுக்கும் விட்டுவிடுகிறோம். அவை கரைவதால் சாமிக்குக் குறைவில்லை. அப்படியானால் பூசை நின்ற வெண்கலமும் வெறும் உலோகம்தானே? இல்லை. குதிரை காணிக்கை, நடராசர் காணிக்கையை ஏற்றவர். மண்ணில் புதைந்து கிடந்து, பிறகு லண்டனுக்குக் கடத்தப்பட்ட பத்தூர் நடராசர் பாழடைந்த கோயிலுக்கே உரியவர் என்று அங்குள்ள நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. 1991இல் அவர் தமிழ்நாடு திரும்பினார். சட்டம் சாந்நித்தியத்தை அளக்காது, சரி. அதை அளக்கப் பெரியபுராணம் இருக்கிறது: சென்னைக்குப் பக்கத்துத் திருநின்றவூரில் பொருளின்றி மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலாரைத் தேடி, காஞ்சி மன்னனின் கற்கோயிலைக்கூடத் தள்ளிவைத்துவிட்டுச் சிவன் வந்தார். பூசைப் பொருளே இல்லாத இடத்துக்கு வந்தவர், கண்ணாடிப் பேழைக்கு அஞ்சவா போகிறார்?

ஆகவே பயணத்தில் எழும்பூருக்கு அரைமணி போதாது. ஒரு காலைப் பொழுதை ஒதுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. மயிலாப்பூரை அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம்.