நீர்த்துறையில் ஐந்தாம் சீலம்



சென்ற பௌர்ணமிக் கூட்டம் முடிந்த பின்னர் நம் சங்கத்து இளைஞர்கள் சிலர் எம்மை அணுகி, வரப்போகும் விடுமுறையில் வாடகை வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு, கனகபுரம் வழியாகச் சங்கமத்துக்கும் மேகேதாட்டுக்கும் போய்வர எண்ணியிருப்பதாகத் தெரிவித்தனர். மகிழ்ச்சியே. வாரம் முழுதும் இயந்திரத்தின் முன்னும் கணினியின் முன்னும் வாடிக் கிடக்கும் பிள்ளைகள் காவிரியைக் கண்ணாரக் காண விழைவதில் குற்றம் யாதுமில்லை. ஆயினும் அவர்களுள் ஒருவர் விடைபெறும் வேளையில், "ஐயா, அன்று ஒரு நாளைக்கு மட்டும் நான்கு சீலம் போதாதா?" என்று நகைத்துக்கொண்டே கேட்டார். விளையாட்டுப் பேச்சுத்தான். யாமும் உடன் நகைத்தோம். ஆனால் வீடு வந்து படுத்தபின் எமக்கு உறக்கம் பிடிக்கவில்லை. அவ்விளைஞருக்கு அப்பொழுதே சொல்லியிருக்க வேண்டிய மறுமொழியை இப்பொழுது சொல்கின்றோம்.

பஞ்சசீலத்துள் முதல் நான்கும் கொலை, களவு, காமப்பிழை, பொய் என்னும் செயல்களை விலக்கி நிற்கின்றன. ஐந்தாவது சீலமோ காரணத்தையும் உடன்கூறி வருகின்றது. மதுவும் மயக்கப் பொருள்களும் 'பமாதத்துக்கு' நிலைக்களன் ஆகையால் அவற்றை விலக்குக என்பதே அதன் பொருள். பமாதம் என்னும் பாலிச் சொல்லைப் பழந்தமிழர் பொச்சாப்பு என்றனர். விழிப்பின்மை என்று இக்காலத்தார்க்குச் சொல்லலாம். சிலர் எண்ணுவதுபோல் மது தீட்டென்றோ, குடிப்பவன் இழிந்தவனென்றோ பகவன் அதனை விலக்கவில்லை. காவல்காரன் உறங்கினால் களவு போகும் என்பது போன்ற கணக்கு அது. திருவள்ளுவரும் கள்ளுண்ணாமையைப் பேசும் அதிகாரத்தில், களித்தவனுக்கு நியாயம் எடுத்துரைப்பது நீருக்கடியில் மூழ்கியவனைத் தீப்பந்தம் கொண்டு தேடுவது போலாம் என்று ஓர் உவமை வைத்திருக்கின்றார். மதுவைப் பேசவந்த இடத்தில் நீரில் மூழ்கியவன் ஏன் அவர் நினைவுக்கு வந்தான் என்று யாம் பலநாள் வியந்ததுண்டு.

பகவன் பிக்குகளுக்கு இவ்விதியை வகுத்த வரலாறும் ஒரு நீர்த்துறையிலேதான் தொடங்குகின்றது. சேதி நாட்டில் அம்பதித்தம் என்றோர் இடம். தமிழில் மாந்துறை எனலாம். அங்கே ஒரு சடைமுடித் தவசியின் ஆசிரமத்தில் கொடிய நாகம் ஒன்று குடியிருந்தது. மாடு மேய்ப்போரும் உழவரும் வழிப்போக்கரும் அவ்வழி போகவேண்டாவென்று பகவனைத் தடுத்தனர். சாகதர் என்னும் தேரர் அங்குச் சென்று, நாகம் கக்கிய புகையையும் தீயையும் தம் ஆற்றலால் வென்று அடக்கினார். அவர் புகழ் எங்கும் பரவிற்று. பின்னர்க் கோசம்பி நகரத்தார் அவருக்கு அரியதொன்றைப் படைக்க விரும்பி, தகாத பிக்குகள் சிலரின் சொற்கேட்டு, வீட்டுக்கு வீடு புறாநிறத் தெளிமதுவை வார்த்தனர். வீட்டுக்கு ஒரு வாய்தான். நகர வாயிலை அடைந்தபொழுது தேரர் நிலைகுலைந்து கீழே விழுந்தார். பிக்குகள் அவரைத் தூக்கிச் சென்று, பகவன் இருந்த திசையில் தலைவைத்துப் படுக்கச் செய்ய, அவர் தம்மையறியாது புரண்டு அத்திசையிலேயே காலை நீட்டினார். பகவன் சினக்கவில்லை. நாகத்தை வென்றவர் இவரல்லரா, இப்பொழுது ஒரு தண்ணீர்ப் பாம்பையேனும் இவரால் வெல்லக்கூடுமா என்று வினவினார்.

இவ்வினாவை நீந்தத் தெரிந்த ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளக் கடவர். "எனக்கு நீச்சல் தெரியும்" என்பதே துறையில் மிகுதியாக ஆளை விழுங்கும் சொல். சாகதருக்கும் ஆற்றல் இருந்தது. அது எங்கும் போய்விடவில்லை. அதனைக் கையாளும் விழிப்புத்தான் போயிற்று.

இதே விநயத்தில், மதுவிலக்கு விதிக்கு ஓரெண் தள்ளி, நீரில் விளையாடுவதைப் பற்றிய விதியும் வருகின்றது. இளம் பிக்குகள் அசிரவதி ஆற்றில் துள்ளி விளையாடியதைப் பசேனதி மன்னன் மல்லிகை தேவியுடன் மேல்மாடத்திலிருந்து பார்த்துவிட்டான். நேரே புகார் சொல்லாமல் அவர்கள் கையிலேயே ஒரு பெரிய வெல்லக்கட்டியைக் கொடுத்துப் பகவனுக்கு அனுப்பினான். எங்கே கண்டான் என்னும் கேள்வி எழுந்து செய்தி தானே வெளிப்படட்டும் என்று! அரசர்க்கு உரிய சாமர்த்தியம். அவ்விதி பிக்குகளுக்கே உரியது, நம் போன்ற இல்லறத்தார்க்கு அன்று. பிள்ளைகள் நீந்தட்டும், பரிசலில் ஏறட்டும். இரண்டு விதிகளும் ஒரே வர்க்கத்தில் அமைந்திருக்கின்றன என்பதை மட்டும் நினைவிற் கொள்க.

இனி, மது உடலுக்குள் என்ன செய்கின்றது? முதலிற் கெடுவது கை கால் அன்று, அளந்தறியும் அறிவு. ஆழம், தொலைவு, தன் வலிமை என்னும் மூன்றும் பிழைபடுகின்றன. கரையிலிருந்து பார்க்கையில் அகலமாய்த் தோன்றிய ஆறு இரண்டு குவளைக்குப் பின் குறுகிவிடுகின்றது. அடுத்து நிலைதடுமாற்றம். உடலின் மேல்கீழை உணர்த்தும் உறுப்பு காதுக்குள் இருக்கின்றது. மது அதனையும் குழப்புவதால் மூழ்கியவன் மேலே வருவதாக எண்ணிக் கீழே போவதுண்டு. வாந்தி வந்தால் அது மூச்சுக்குழலில் இறங்கும். ஆழம் பாராமல் பாறைமேல் தலைகீழாய்க் குதிப்பவன் கழுத்தெலும்பு முறிந்து, உயிர் தப்பினும் வாழ்நாள் முழுதும் படுக்கையிற் கிடப்பான். கஞ்சாவும் காலத்தையும் தொலைவையும் பிறழக் காட்டுவதே. உறக்க மாத்திரை, மயக்கந்தரும் சில இருமல் மருந்துகள் ஆகியவற்றை மருத்துவர் கொடுத்தே உட்கொண்டிருந்தாலும் அன்று ஆற்றில் இறங்கலாகாது. மதுவோடு அவை சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடக்கூடும்.

இங்கே நம் மக்களிடையே ஊறிப்போன ஒரு தவற்றை எடுத்துரைக்க வேண்டும். தலைமுழுகினால் போதை தெளியும் என்கின்றனர். தெளியாது. உட்சென்ற மதுவைக் கல்லீரல் தன் வேகத்திலேயே எரிக்கும். குளிர்ந்த நீரோ மோரோ காப்பியோ அதனை விரைவுபடுத்தமாட்டா. அன்றியும், குடித்து அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம்வரை போதை ஏறிக்கொண்டே இருப்பதுண்டு. "நன்றாய்த்தானே இருக்கின்றேன்" என்று சொல்லி இறங்குபவனுக்கு நட்டாற்றிலேதான் அது உச்சியை எட்டும். தெளிவிப்பதற்கென்று குடித்தவனை ஆற்றுக்கு நடத்திச் செல்வது அவனை இடுகாட்டுக்கு நடத்திச் செல்வதற்கு ஒப்பாகும்.

மூழ்குபவன் திரைப்படத்தில் காண்பதுபோல் கையை ஆட்டிக் கூவுவதில்லை என்பதையும் அறிக. மூச்சுக்கே காற்றில்லாதவன் கூவுவது எங்ஙனம்? வாய் நீர்மட்டத்தில் ஏறியிறங்கும், கைகள் இருபுறமும் நீரை அழுத்தும், பின்பு ஒன்றுமிராது. நான்கைந்து நிமிடம் காற்றின்றிப் போனால் மூளை கெடத் தொடங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டனர். இவர்கள் எல்லாரும் குடித்தவர்கள் அல்லர், பலர் குழந்தைகள். ஆனால் வளர்ந்த ஆடவர் மூழ்கும் இடங்களில் மது அருகில் இருப்பது நாடுதோறும் கண்ட செய்தி. சீன நாட்டுப் பெருங்கவி லி போ, குடிமயக்கத்தில் ஆற்றில் தெரிந்த நிலவை அணைக்கப் போய் மூழ்கினார் என்று ஒரு கதை வழங்குகின்றது. கதையாகக் கேட்கையில் அழகாய் இருக்கின்றது.

சங்கமத்தில் நிலவு தெரிவதுமுண்டு. நந்திமலைப் பக்கம் தோன்றும் அர்க்காவதி அங்கே காவிரியோடு கலக்கின்றது. கோடையில் பார்த்தால் முழங்கால் அளவே நீர். குழந்தையும் நடந்து கடக்கும்போல் தோன்றும். ஆனால் நீரின் கீழே பாறைகளுக்கிடையில் சுழல்நீர் குடைந்த குழிகள் உள்ளன. ஓரடி முழங்கால், அடுத்த அடி ஆளை விழுங்கும் ஆழம். பாறையின்மேல் பாசி. சில கல் தொலைவு கீழே மேகேதாட்டில் அவ்வளவு பெரிய காவிரியும் ஒடுங்கி, பாறைப் பிளவுக்குள் புகுந்து பாய்கின்றது; ஆடு தாண்டும் இடம் என்பதே கன்னடத்தில் அப்பெயரின் பொருள். தாண்டிப் பார்க்கலாம் என்னும் எண்ணம் குடித்தவனுக்கு எளிதில் வரும். மேலே அணைகளில் நீர் திறந்தாலோ, மழை பெய்தாலோ, காலையில் கண்ட ஆறு மாலையில் இராது. ஒகேனக்கலிலும் அப்படியே, நீர்வரத்து மிகும்பொழுது அங்கே குளிக்கவும் பரிசல் செலுத்தவும் தடைவிதிப்பது அதனாலேயே.

இவ்வளவும் நூலறிவால் மட்டும் யாம் சொல்லவில்லை.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குமுன், யாம் ஆலையில் நூற்புப் பிரிவில் வேலை செய்த காலம். போனஸ் வந்த கிழமையில் ஒன்பது பேர் சேர்ந்து சங்கமம் சென்றோம். அன்று எமக்குச் சீலம் என்பது கேள்விப்படாத சொல். கர்நாடகத்தில் அக்காலத்தில் சாராயம் பாக்கெட்டில் விற்கப்பட்டது. 2007இல்தான் அரசு அதனைத் தடைசெய்தது. எம் அருகே நின்று வேலை செய்த தோழன், எம்மினும் நான்கு வயது இளையவன், ஏரியில் எதிர்க்கரை தொட்டுத் திரும்பும் நீச்சல்காரன். ஒரு பாக்கெட் குடித்துவிட்டுப் போதும் என்றான். இரண்டாவதை யாமே கிழித்து அவன் கையில் கொடுத்தோம். "குளிக்கத்தானே போகிறாய், தெளிந்துவிடும்" என்றோம். எம் வாயால் சொன்னது.

அவன் இறங்கினான். யாம் கரையில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தோம். வலைவீசிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் கன்னடத்தில் ஏதோ கூவியபின்பே திரும்பிப் பார்த்தோம். நீர் மட்டும் ஓடிற்று. எம்முள் இருவர் பாய்ந்தனர். அவர்களையும் மீனவர்களே இழுத்துக் கரைசேர்த்தனர். யாம் எழுந்து நிற்க முயன்றோம், கால் நிற்கவில்லை. மறுநாள் காலையில் உடல் கிடைத்தது.

அவன் தாயாரிடம், கால் வழுக்கிவிட்டது என்று எட்டுப் பேரும் ஒரே வாயாய்ச் சொன்னோம். அப்பொய்யைப் பதினோராண்டு சுமந்தோம். பின்னர்த் தம்மத்தை ஏற்றுச் சீலம் எடுத்தபொழுது ஐந்தாவது எமக்கு இடரவில்லை. அதற்கு முன்பே குடியை விட்டிருந்தோம். நான்காவதுதான் தொண்டையில் நின்றது. நான்கு சீலம் போதாதா என்ற இளைஞர் கேட்கட்டும்: ஐந்தாவதைக் கைவிட்ட ஒரு பகல், நான்காவதைப் பதினோராண்டு எம்மிடமிருந்து பறித்துக்கொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னோம், பாக்கெட்டைக் கொடுத்த கையையும் மறைக்கவில்லை. நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "நீயும் குடித்திருந்தாயாப்பா?" என்றார். "ஆம், அம்மா." "அப்படியானால் அவன் கூப்பிட்டிருந்தாலும் உனக்குக் கேட்டிருக்காது" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. உள்ளே சென்று காப்பி கலந்து வந்தார்.

இளைஞர்களே, பயணத்தை நிறுத்த வேண்டா. யாமும் உங்களோடு வருகின்றோம். ஐம்பதடிக் கயிறு ஒன்றும், காற்றடைத்த லாரி டியூப் இரண்டும் வேனில் ஏற்றுங்கள். எச்சரிக்கைப் பலகை நட்ட இடத்தில் இறங்கலாகாது. ஒருவர் இறங்கினால் ஒருவர் கரையில் நின்று அவரையே நோக்கியிருக்கட்டும். பரிசலில் மிதவைச் சட்டையின்றி ஏறலாகாது. யாரேனும் தத்தளித்தால் பின்னே குதியாதீர்கள். கயிற்றை வீசுங்கள், இல்லையேல் வேட்டியை முடிந்து வீசுங்கள். கரைசேர்த்தவர்க்கு மூச்சில்லையெனில் உடனே வாயோடு வாய்வைத்துக் காற்றூதி, மார்பை அழுத்த வேண்டும். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்க முயன்று நேரத்தை இழக்கலாகாது. இதனைக் கற்பிக்கத் தெரிந்த செவிலி ஒருவர் நம் உபாசிகைகளுள் இருக்கின்றார். புறப்படுமுன் ஒரு மாலை அவரிடம் பழகிக்கொள்வோம். யாரேனும் புட்டியோடு வந்தால் அவரை வேனிலேயே இருத்துவோம், எம்மோடு பேசிக்கொண்டிருக்கட்டும்.

அந்தத் தாயார் இன்றும் நம் பௌர்ணமிக் கூட்டங்களுக்கு வருகின்றார். முன்வரிசையில் சுவரோரம் அமர்பவரை நீங்கள் அறிவீர்கள். பயணச் செய்தியை அவரிடம் சொன்னோம். எத்தனை பேர் என்று கேட்டார். பதினான்கு என்றோம். பதினான்கு பேருக்கும் புளிச்சாதம் கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கின்றார். காலை ஐந்து மணிக்கு அவர் வீட்டு வாசலில் வேனை நிறுத்தி வாங்கிக்கொண்டு புறப்படுவோம்.