பூசலாரின் மௌனம்

உழைத்தவர் ஒருவர் இருக்க, புகழ் மற்றொருவரைச் சென்று சேர்வதைக் காணும் மனம், மனிதரிடம் முறையிட வெட்கமுற்று, இறுதியில் இறைவனை நோக்கியே “நீயுமா என்னைக் காணவில்லை?” என்று கேட்கிறது. வறுமையையும் பிணியையும் பொறுத்துக்கொள்ளும் பக்தர்கள்கூட இந்தக் கேள்வியின் முன் தளர்வதுண்டு. அவ்வாறு தளர்ந்தவர்கள் திருநின்றவூர்ப் பூசலாரின் சரித்திரத்தை நிதானமாகப் படிக்கவேண்டும் என்பது என் விருப்பம்.

சிவபெருமானுக்கு ஓர் ஆலயம் எழுப்ப விழைந்த அந்த அந்தணர், பொருள் தேடி வருந்தியும் சிறிதளவும் கிடைக்காமற்போகவே, நினைவினாலேயே நிதியம் திரட்டி, தச்சரை மனத்துள் வருவித்து, ஆகம விதிப்படி நல்ல நாளில் அடிநிலையிட்டு, இரவிலும் கண் துயிலாமல் உபானம் முதல் சிகரம் வரை படிப்படியாக அமைத்து, சுதைவேலை முடித்து, கிணறும் மதிலும் திருக்குளமும் வகுத்து, பிரதிஷ்டைக்கு நாளும் குறித்தார் என்கிறார் சேக்கிழார். மனத்தில் கட்டுவதானால் ஒரு கணத்திலேயே கட்டிவிடலாமே! கல்லிலே கட்டுவோர் படும் காலதாமதத்தையும் சிரமத்தையும் அவர் தமக்குக் குறைத்துக்கொள்ளவில்லை. பொருள் கொடாத ஊராரை அவர் நிந்தித்ததாகவும் ஒரு சொல் இல்லை.

அதே நாளில் காஞ்சிமாநகரத்தில் பல்லவ மன்னன் தன் கற்றளிக்குப் பிரதிஷ்டை செய்யவிருந்தான். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய இராஜசிம்மனே அவன் என்பது சரித்திர ஆசிரியர் பலரின் கருத்து. அக்கோயிலின் வடமொழிக் கல்வெட்டொன்று, கலியுகத்திலும் அவ்வரசன் அசரீரி வாக்கைக் கேட்டான் என்று வியந்து கூறுவதை இக்கதையோடு இணைத்துக் காண்போரும் உளர். முதல்நாள் இரவு இறைவன் அரசனின் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசலன் நெடுநாள் நினைந்து செய்த ஆலயத்தில் நாளை நாம் புகவிருக்கிறோம், உன் காரியத்தைப் பின்னர் வைத்துக்கொள் என்று அருளினார்.

இங்கேதான் நான் நெடுநேரம் நின்றுவிடுகிறேன். கனவு அரசனுக்கு வந்தது, பூசலாருக்கு வரவில்லை. அடிநிலை இட்ட நாளிலிருந்து சிகரம் முடிந்த நாள்வரை, அவர் பணியை இறைவன் ஏற்றுக்கொண்டதற்கு ஓர் அடையாளமும் அவருக்குக் காட்டப்படவில்லை. பாராட்டு வரும் என்று காத்திருப்பவனுடைய மௌனம், வெளியே வாய் மூடியிருப்பினும் உள்ளே ஓயாது வழக்காடிக்கொண்டிருக்கும். பூசலாரின் உள்ளத்திலோ அந்த வழக்குக்கு இடமிருக்கவில்லை; அங்கே கோயில் வேலை நடந்துகொண்டிருந்தது. விசுவாசம் என்பதை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன்: இறைவன் காண்கிறான் என்பதற்குச் சான்று கேளாமல், கண்டுகொண்டிருப்பவன் முன் செய்வதுபோலவே செய்துகொண்டிருத்தல்.

ஆனால் இந்த மௌனத்தைப் பிறர்மேல் சுமத்தலாகாது. கூலி மறுக்கப்பட்ட தொழிலாளியிடமும், கோயில் வாசலிலேயே தடுத்து நிறுத்தப்பட்டவரிடமும் சென்று “அடங்கியிரு, ஆண்டவன் பார்த்துக்கொள்வான்” என்று உபதேசிப்பது, பூசலாரின் பெயரால் செய்யப்படும் கொடுமையேயாகும். தமக்கு வரவேண்டிய பெருமையைப் பற்றி மட்டுமே அவர் மௌனமாயிருந்தார். பிறருக்கு உரிய நீதியைப் பற்றி மௌனம் சாதிக்கும் அதிகாரத்தை அவருடைய வாழ்க்கை எவருக்கும் அளிக்கவில்லை.

அரசன் நின்றவூருக்கு வந்து, பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று வினவியபோது, அப்படியொரு கோயில் இங்கே இல்லை என்றே ஊரார் விடையளித்தனர். பின்னர் அரசன் தானே அவரிடம் சென்று கனவைச் சொல்ல, அவர் மருண்டு, பொருள் கிடைக்காமையால் மனத்தில் எழுப்பிய ஆலயத்தின் கதையை விளங்கக் கூறினார். கேட்ட மன்னன் நிலமுறப் பணிந்து தன் நகருக்கு மீண்டான். கல்லும் பொன்னும் தரவல்லவன் காலடியில் விழுந்து கிடந்த அந்த வேளையிலும், முன்பு தேடித் தேடிக் கிடைக்காத பொருளை அவர் கேட்டதாகச் சேக்கிழார் சொல்லவில்லை. குறித்த முகூர்த்தத்தில் மனத்திலேயே இறைவனைத் தாபித்து, பூசனைகள் யாவும் பல நாள் வழுவாது நடத்தினார் என்றே அவ்வரலாறு செல்கிறது. அரசனின் வருகை அவருடைய நித்திய பூசையில் எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.