அரச இரகசியமும் அறமும்

அரசு என்னும் அமைப்புத் தோன்றிய காலந்தொட்டே இரகசியமும் அதனுடன் கூடப் பிறந்துள்ளது. தன் படை எவ்வழியாற் செல்கின்றது என்பதைப் பகைவர் அறியப் பறையறைந்து சொல்லும் அரசன் எவனுமில்லை. திருவள்ளுவரும் ஒற்றாடலுக்கெனத் தனி அதிகாரம் ஒன்றை வகுத்து, ஒற்றினை அரசனின் கண்ணாகவே கருதினார். எனவே, அரசு எதனையும் மறைத்தல் ஆகாது எனக் கூறுதல் பொருந்தாது. ஆயின், கண் எதற்காக? உடலைக் காப்பதற்காகவன்றோ? வரும் ஆபத்தைக் கண்ட கண் அதனைத் தன்னுள்ளேயே மறைத்துக்கொள்ளுமாயின் அதனால் உடலுக்கு விளையும் பயன் யாது? அத்தகைய வேளையில், மறைக்கப்பட்டதை மக்களுக்கு எடுத்துச் சொல்லும் உத்தியோகத்தன் துரோகியா, அறவோனா? இவ்வினாவினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொது விதிகளைப் பேசுமுன், நமது நாட்டில் நடந்த நிகழ்வொன்றை நுணுகி நோக்குதல் நன்று. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் திகதி, தற்கொலைத் தாக்குதல் ஒன்று திட்டமிடப்படுகின்றது என்னும் தகவல் இந்தியாவிலிருந்து இலங்கையின் அரச புலனாய்வுச் சேவைக்குக் கிடைத்தது. 9ஆம் திகதி அது பொலிஸ் மாஅதிபருக்கு எழுத்தில் அறிவிக்கப்பட்டது. 11ஆம் திகதி பிரதிப் பொலிஸ் மாஅதிபர் ஒருவர், கத்தோலிக்கத் தேவாலயங்களும் இந்திய உயர்ஸ்தானிகராலயமும் இலக்காகக் கூடும் எனக் குறிப்பிட்டுக் கடிதம் அனுப்பினார். அக்கடிதம் யாருக்குச் சென்றது? அமைச்சர்கள், நீதிபதிகள், இராஜதந்திரிகள் முதலானோரைக் காக்கும் பிரிவுகளின் பொறுப்பதிகாரிகளுக்குச் சென்றது. இலக்கெனக் குறிப்பிடப்பட்ட தேவாலயங்களுக்கு அது செல்லவில்லை.

பத்து நாட்கள் கழிந்தன. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயம், கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் தேவாலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்கள் ஆகிய இடங்களில் குண்டுகள் வெடித்தன. இருநூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கொச்சிக்கடைக் கோயில் கத்தோலிக்கர்க்கு மட்டும் உரியதன்று. மலையகத்திலிருந்து கொழும்புக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் வேலைதேடிச் சென்ற எம்மவரும் சமயம் பாராது மெழுகுவர்த்தி ஏற்றி நிற்கும் இடம் அது. முன்னரே அறிந்திருந்தால் ஞாயிறு பூசைகளை நிறுத்தியிருப்பேன் எனக் கர்தினால் மல்கம் ரஞ்சித் பின்னர் கூறினார். தடுப்பதற்குப் படையோ பணமோ வேண்டியிருக்கவில்லை. ஒரு சொல் போதியதாயிருந்தது.

அக்கடிதம் வெளியானது எப்போது? உயிர்கள் போன பின்னர். தாக்குதல் நடந்த அன்றே அமைச்சர் ஹரின் பெர்னாண்டோ அதனைச் சமூக ஊடகத்தில் வெளியிட்டார். தாக்குதல் நிகழக்கூடும் எனத் தம் தந்தையார் கேள்வியுற்று, பெயர்பெற்ற தேவாலயங்களுக்குச் செல்ல வேண்டாம் என்று தம்மை எச்சரித்ததாகவும் அவர் கூறினார். இக்கூற்று ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. இரகசியம் கசியவில்லை என நாம் எண்ணிக்கொண்டிருக்கின்றோம். உண்மையில் அது கசியவே செய்தது. ஆனால், அதிகாரத்துக்கு அண்மையில் இருந்தோரை நோக்கியே கசிந்தது; தேவாலய வாங்குகளில் அமர்ந்திருந்த ஏழைத் தாயை நோக்கிக் கசியவில்லை. எனவே, இரகசியத்தை வெளியிடலாமா என்னும் வினா பாதி வினாவே. அது யாரிடம் போய்ச் சேர்கின்றது, யாரிடம் சேராமற் போகின்றது என்பதே மற்றப் பாதியாகும்.

இவ்வேற்றுமை மலையகத்தார்க்குப் புதிதன்று. பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் தேயிலைத் தோட்டங்களில் ஒரு தீர்மானம் முதலில் பங்களாவில் அறியப்படும். அடுத்துக் கந்தோரில் அறியப்படும். ஈற்றிலேயே பிரட்டுக்களத்தில் நிற்கும் தொழிலாளியின் காதுக்கு எட்டும். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பற்றிப் பின்னர் பேசுவோம் என இரு பிரதமர்களும் முடிவு செய்தனர். பங்கிடப்பட்ட மக்கள் அவ்வொப்பந்தத்தில் ஒரு தரப்பாகவே இருக்கவில்லை. தம் வாழ்வைப் பற்றிய செய்தியைத் தாமே இறுதியாக அறியும் நிலை எத்தகையது என்பதை எம் பாட்டன் பாட்டிமார் அறிவர். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அந்நிலம் உறுதியற்றது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அவ்வெச்சரிக்கை இரகசியமன்று, ஆயினும் மாற்று நிலமும் வீடுமாக அது மாறாமையால், மக்கள் அங்கேயே இருந்தனர். ஆபத்தை அறிந்தவனும் அதனைத் தாங்குபவனும் வெவ்வேறானவர்களாக இருக்குமிடத்து, அறிவு கோப்பிலேயே உறங்கிவிடுகின்றது என்பதற்கு இது சான்றாகும்.

எதிர்த்தரப்பின் வாதங்களையும் நேர்மையுடன் நோக்குதல் வேண்டும். உத்தியோகத்தன் இரகசியம் காப்பதாக உறுதி பூண்டவன். ஒவ்வொருவனும் தன் மனம்போனபடி கோப்புகளை வெளியிடத் தொடங்கினால் ஆட்சியே நடவாது என்பர். தகவல் தந்த ஒற்றனின் உயிருக்கு ஆபத்து விளையும் என்பர். இவற்றைப் புறந்தள்ள இயலாது. இவற்றினும் வலிய தடை ஒன்றுண்டு. ஏப்ரல் 11ஆம் திகதிக் கடிதத்தில் சந்தேக நபர்களின் பெயர்களும் இருப்பிடங்களும் இருந்தன. அது அவ்வாறே வீதிக்கு வந்திருந்தால் ஒன்றும் அறியாத முஸ்லிம் மக்கள் மீது வன்முறை பாய்ந்திருக்கக் கூடுமன்றோ? இது வீண் அச்சமன்று. அதே ஆண்டு மே மாதத்தில் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதை நாடு கண்டது. வாய்மையைப் பிறர்க்குக் கேடு பயவாத சொல்லோடு இணைத்தே வள்ளுவர் வரையறுத்தார் என்பதையும் ஈண்டு நினைவுகூரல் தகும்.

ஆயினும், இவ்வாதங்கள் எதனை நிறுவுகின்றன? இரகசியத்தை எவ்வாறு வெளியிடல் வேண்டும் என்பதையே நிறுவுகின்றன. வெளியிடவே கூடாது என்பதையன்று. ஆபத்து வேறு, ஆட்பெயர் வேறு. "பெருந்தொகையாக மக்கள் கூடும் தேவாலயங்களுக்கு இவ்வாரம் ஆபத்துண்டு" என ஆயர் இல்லத்துக்கு ஒரு செய்தி சென்றிருந்தால் ஒற்றனின் பெயரும் வெளிப்பட்டிராது. எச்சமூகத்தின் மீதும் பழி விழுந்திராது. சொல்ல வேண்டியதைச் சொல்லி, மறைக்க வேண்டியதை மறைத்தல் இயலாத காரியமன்று.

இதற்கு உலக வரலாற்றிலும் சான்றுண்டு. 1971இல் வியட்நாம் போர் பற்றிய அமெரிக்க அரசின் ஏறத்தாழ 7,000 பக்க இரகசிய ஆவணங்களை டானியல் எல்ஸ்பேர்க் பத்திரிகைகளுக்கு அளித்தார். சமாதானப் பேச்சுவார்த்தைகளைப் பற்றிய நான்கு தொகுதிகளை மாத்திரம் அவர் பத்திரிகைகளுக்குக் கொடுக்கவில்லை. அவை வெளியானால் பேச்சுக்கள் குலையலாம் எனக் கருதினார். பின்னர், தாமே அதிகாரிகளிடம் சரணடைந்தார். 1973 மே மாதத்தில் அரசின் முறைகேடுகள் காரணமாக வழக்குத் தள்ளுபடியாயிற்று. ஆயினும், நீண்ட சிறைவாசத்துக்கு அவர் ஆயத்தமாகவே இருந்தார்.

இவற்றிலிருந்து நான்கு உரைகற்களை நாம் வகுத்துக்கொள்ளலாம். ஒன்று, மறைத்தலால் கேடுறுவோர் யார்? நாடா, மக்களா, அல்லது அதிகாரியின் பெயர் மட்டுமா? இரண்டு, மேலதிகாரியிடம் முறையிடும் வழி முயலப்பட்டதா, அல்லது அதற்குக் காலம் இருந்ததா? மூன்று, தேவைக்கு மேல் ஒரு சொல்லேனும் வெளியிடப்பட்டதா? நான்கு, வெளியிட்டவன் அதனாற் பணமோ பதவியோ தேடினானா, அன்றி விளைவைத் தானே ஏற்க முன்வந்தானா? இந்நான்கிலும் தேறும் செயலைத் துரோகமென அழைத்தல் சொல்லின் பொருளையே சிதைப்பதாகும்.

சட்டம் இவ்வறத்தை ஏற்கின்றதா? அயல்நாடான இந்தியாவில், ரபேல் போர்விமானக் கொள்வனவு பற்றிய ஆவணங்களைச் சென்னையின் "த இந்து" பத்திரிகை வெளியிட்டபோது, அவை திருடப்பட்டவை, நீதிமன்றம் அவற்றை நோக்கலாகாது என அரசு வாதிட்டது. 2019 ஏப்ரல் 10ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் அத்தடையை நிராகரித்தது. அதே ஆண்டு நவம்பரில் அவ்வழக்கின் மீளாய்வு மனுக்கள் தள்ளுபடி செய்யப்பட்டன என்பதும் உண்மையே. ஆவணம் ஆராயப்படுதல் வேறு, குற்றம் நிறுவப்படுதல் வேறு. முன்னையதற்கு வழிவிட்டதே அத்தீர்ப்பின் சிறப்பாகும். அதற்கு மறுநாளே கொழும்பில் மேற்கூறிய கடிதம் எழுதப்பட்டது என்பது காலத்தின் விந்தை.

இலங்கையில் 1955ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க இரகசியங்கள் சட்டம் ஒருபுறம் நிற்கின்றது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மறுபுறம் நிற்கின்றது. பின்னையது, சட்டம் அனுமதித்த தகவலைத் தரும் உத்தியோகத்தனைத் தண்டனையிலிருந்து காக்கின்றது. ஆனால், விண்ணப்பித்துக் காத்திருந்து பெறும் தகவல், நாளை வெடிக்கும் குண்டுக்கு விடையாகாது. அவ்விடைவெளியில் உத்தியோகத்தனின் மனச்சாட்சி தனித்து நிற்கின்றது.

2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. பாதுகாப்பு, பொலிஸ், புலனாய்வு ஆகிய துறைகளின் அந்நாள் உயரதிகாரிகள் நால்வரும் நட்டஈடு செலுத்துமாறு பணிக்கப்பட்டனர். இதன் உட்பொருள் தெளிவானது. அறிந்தும் செயலற்றிருந்தமை கடமையன்று. அது குடிமக்களின் உரிமையை மீறிய செயல். மௌனத்துக்கும் பொறுப்புண்டு என நாட்டின் அதியுயர் மன்றமே உரைத்துவிட்டபின், பேசியவனை மட்டும் குற்றவாளியாக நிறுத்துதல் எங்ஙனம் நீதியாகும்?

அரச இரகசியம் அரசனின் சொத்தன்று. மக்கள் அவனிடம் ஒப்படைத்த அடைக்கலப் பொருள். அதனைக் காப்பதாலேயே உரியவர் அழிவராயின், அடைக்கலம் காத்தவன் என்னும் பெயர் அவனுக்கு ஒருகாலும் பொருந்தாது. நாளை எம்மிற் பலர் அரச அலுவலகங்களில் மேசைகளின் முன் அமரப்போகின்றோம். "இரகசியம்" என முத்திரையிட்ட கோப்பு ஒன்று எம் கைக்கும் வரலாம். அப்போது, இதனை அறியாமையால் உயிரிழக்கப் போகின்றவர் யார் என்பதை முதலில் எண்ணுவோமாக. அவரிடம் அச்சொல்லைக் கொண்டுசேர்க்கும் துணிவும், சேர்க்கும் முறையில் நிதானமும் எமக்கு வாய்க்க வேண்டும்.