எண் சொன்னவருக்குப் பொறுப்பு உண்டா?

2025 ஜூலை 1 அன்று கேரளப் பொறியியல் நுழைவுத் தேர்வான கீமின் ரேங்க் பட்டியல் வந்தது. காக்கநாட்டு அடுக்ககங்களில் எத்தனை பிள்ளைகள் அன்றிரவே தங்கள் ரேங்க்கை ஏதோ ஓர் இணையக் கணிப்பானில் தட்டியிருப்பார்கள்! திருக்காக்கரை மாடல் பொறியியல் கல்லூரி கிடைக்குமா என்று கேட்டிருப்பார்கள். நொடியில் ஒரு சதவீதம் வந்திருக்கும்.

ஜூலை 9 அன்று எர்ணாகுளத்தில் உள்ள உயர்நீதிமன்றம் அந்த ரேங்க் பட்டியலையே ரத்து செய்தது. மறுநாள் அரசின் மேல்முறையீடும் தள்ளுபடியானது. அன்றே புதுப் பட்டியல் வந்தது. முதலிடமே கைமாறியது.

காரணம் என்ன? பல்வேறு பாடத்திட்டங்களின் பிளஸ் டூ மதிப்பெண்களைச் சமன்செய்யும் சூத்திரத்தை அரசு மாற்றியிருந்தது. கணிதம், இயற்பியல், வேதியியலுக்குச் சமமாக இருந்த பங்கு 5:3:2 ஆனது. அதுவும் தேர்வெல்லாம் முடிந்து, முடிவு வெளியாகும் வேளையில். இதை எந்தக் கணிப்பான் முன்கூட்டிச் சொன்னது? பிள்ளைகள் நம்பிப் படுத்த அந்தச் சதவீதங்களுக்கு யார் பதில் சொன்னார்கள்?

எப்போதோ ஒருமுறை நடப்பது என்பீர்களா? அதற்கு முந்தைய ஆண்டு நீட் தேர்வில் முதலில் 67 பேர் 720க்கு 720 பெற்றதாக அறிவித்தார்கள். கருணை மதிப்பெண் ரத்து, ஓர் இயற்பியல் கேள்விக்கு விடைத்திருத்தம் எல்லாம் முடிந்தபோது அது 17 ஆனது. முந்தைய ஆண்டின் மதிப்பெண்ணை வைத்து ரேங்க்கைக் கணித்தவர்கள் பலர் அந்த ஆண்டு தவறியிருப்பார்கள்.

கணிப்பான் செய்வது பெரும்பாலும் ஒரே வேலைதான். போன ஆண்டு அந்தக் கல்லூரியில் கடைசியாக இடம் பெற்றவரின் ரேங்க்கை உங்கள் ரேங்க்கோடு ஒப்பிடுகிறது. அந்தக் கடைசி ரேங்க் எப்படி வந்தது? ஒருவர் என்.ஐ.டி. கிடைத்து விலகினார். ஒருவருக்குக் கட்டணம் கட்ட வழியில்லை. நூறு பேர் ஒரே நேரத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் ஓடினார்கள். மனிதர்கள் எடுத்த முடிவுகளின் மிச்சம் அது. இயற்கை விதி அல்ல. கிளி எடுத்த சீட்டை நம்பாத நாம், சர்வர் எடுத்துத் தரும் சீட்டை ஏன் கேள்வி கேட்காமல் நம்புகிறோம்?

கணிப்பான் 70 சதவீதம் என்றால் இடம் கிடைத்தாலும் அது சரி, கிடைக்காவிட்டாலும் சரி. தன் 70 சதவீதங்களில் உண்மையில் எத்தனை பலித்தன என்று கணக்குக் காட்டாத கணிப்பு எதுவும் அறிவியல் இல்லை. முதலில் உங்கள் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு, பிறகு 'வாய்ப்பு குறைவு' என்று காட்டும் தளத்துக்கு உங்கள் பயத்தால் என்ன லாபம்? அதையும் கேளுங்கள்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். வீட்டில் விவரம் தெரிந்த மாமா, சித்தப்பா இருக்கும் பிள்ளை இந்த எண்ணை ஒதுக்கிவிடும். பணம் இருக்கும் வீடு மேனேஜ்மென்ட் சீட்டுக்குப் போய்விடும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைதான் 'உனக்கு 12 சதவீதம்' என்பதைத் தன் தகுதியின் அளவு என்று நம்பி, ஆசைப்பட்ட கல்லூரியை ஆப்ஷன் பட்டியலிலிருந்து தானே அடிக்கிறது. தேவையே இல்லாத இழப்பு! கீம் ஒதுக்கீட்டில் ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவருக்கும், அவரவர் பட்டியலில் காலியாக உள்ளவற்றில் எது மேலே இருக்கிறதோ அந்த இடம் தரப்படுகிறது. எட்டாத கல்லூரியை முதலில் எழுதியதற்காகக் கீழே உள்ளது பறிபோகாது. விருப்பமில்லாததை மேலே எழுதுவதுதான் ஆபத்து. அது கிடைத்தால் கீழே உள்ளவை ரத்தாகிவிடும்.

முந்தைய ஆண்டுகளின் கடைசி ரேங்க் விவரத்தை நுழைவுத் தேர்வு ஆணையரே வெளியிடுகிறார். ஓராண்டை மட்டும் பார்க்காதீர்கள். சில ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள், எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று தெரியும். பெற்றோரே, திரையில் வந்த எண்ணைக் காட்டிப் பிள்ளையின் பட்டியலில் ஒரு கல்லூரியை அடிக்கும் முன், அந்தக் கணிப்பு போன ஆண்டு எத்தனை பேருக்குப் பலித்தது என்று வெளியிட்டவரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தக் கல்லூரி பட்டியலிலேயே இருக்கட்டும்.